பாலைக்கு விருந்து போகுமுன்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்தும் மழை விடவில்லை. குடையின்றி வந்தோர் ஆலயத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றனர். அவ்வேளையில் எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் குடும்பத்தார் சிலர், சுருட்டிய நாட்காட்டி ஒன்றைக் கையில் ஏந்தி என்னிடம் வந்தனர். விரித்துக் காட்டினர். அலை அலையாய் மணல். அதன்மேல் வரிசையாய் ஒட்டகங்கள். பின்னே சிவந்து இறங்கும் கதிரவன். அடியில் "ஜெய்சல்மேர்" என்று அச்சிட்டிருந்தது.

"சாமி, வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் போறோம். ஊட்டியும் பார்த்தாச்சு. இந்தத் தடவை இங்க போகலாம். பெயர்கூட எழுதிட்டோம்" என்றார் ஒருவர். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். நாற்பது பெயர்கள். கைக்குழந்தையுடன் இரு தாய்மார். கடைசி வரியில், எழுபத்திரண்டு வயதான ஒரு நெசவாளர். குன்றத்தூரில் தறியோசை குறைந்துவிட்ட இந்நாளிலும் பட்டுப்பாவு முன் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர். ஊருக்கு வெளியே அதிகம் போனதில்லை.

"ஒரு வாரம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர்கள் முகம் வாடிற்று. நான் ஏன் உடனே ஒப்பவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் செய்த பிழை

குருப்பட்டம் பெற்ற சில மாதங்களில், உதவிப் பங்குக் குருவாக இருந்தபோது, பன்னிரண்டு இளைஞரை அழைத்துக்கொண்டு இதே ஜெய்சல்மேருக்குச் சென்றேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்லூரி விடுமுறை என்பதால் மே மாதத்தைத் தேர்ந்தேன். அந்த ஒரு தவறே போதுமானது. ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டு பேருக்குப் பத்துப் புட்டித் தண்ணீர் எடுத்துச் சென்றோம். "வழியில் வாங்கிக் கொள்ளலாம்" என்றேன். வழியில் கடையே இல்லை.

நண்பகலில் எங்கள் ஜீப் மணலில் புதைந்தது. அதைத் தள்ளிய இளைஞருள் ஒருவனுக்குச் சிறிது நேரத்தில் வியர்வை நின்றுபோயிற்று. உடல் அனலாய்க் கொதித்தது, பேச்சு குழறிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொலைவில் வட்டமாய் மண்சுவரும் மேலே புல்வேய்ந்த கூரையுமாக ஒரு குடிசை தெரிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முக்காடிட்ட ஒரு முதிய தாய் வெளியே வந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. அவனை நிழலில் கிடத்தி, துணியை நனைத்து உடல் முழுதும் போர்த்தி விசிறினார். அவன் தெளிந்து பேசத் தொடங்கிய பின்னரே உப்பிட்ட மோரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் அவர் வீட்டுக் குடங்களைக் காலி செய்தோம். பணம் கொடுத்தேன், கையால் விலக்கிவிட்டார்.

திரும்பும் வழியில்தான் ஓட்டுநர் சொன்னார், அந்தக் குடங்கள் மூன்று மைல் தொலைவிலிருந்து சுமந்து வரப்பட்டவை என்று. பிழைத்த மகிழ்ச்சியில் இருந்த எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவ்வீட்டார் அன்றிரவு என்ன குடித்தனர்? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆளில்லாத வெளியைப் பார்க்கப் போவதாக எண்ணிய நாங்கள், உண்மையில் ஒருவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்து, அவர் வைத்திருந்ததை எல்லாம் உண்டுவிட்டு வந்தோம்.

ஆகவே இம்முறை திட்டம் தீட்டுவதென்றால் அந்நாட்டார் ஒருவரைக் கேட்டே தீட்டுவது என்று முடிவு செய்தேன்.

பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியர்

அத்தகையவரைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகியபின் வடநாட்டுத் தொழிலாளர் பலர் நம் தெருக்களில் குடியேறியுள்ளனர். ஆலயத்துக்குப் பின்தெருவில் வாடகை அறையில் இருக்கும் ஒருவர் தரைக்கல் பதிப்பவர். ராஜஸ்தானத்துப் பார்மேர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். எட்டாண்டுகளாக இங்கே இருக்கிறார். நம் ஆலயத் தாழ்வாரத்துக்குக் கல் பதித்தவரும் அவரே. ஆயினும் அவரது ஊரைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

நாட்காட்டியைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். "ஃபாதர், நான் இத விட்டு இங்க வந்தேன். நீங்க இதப் பார்க்க அங்க போறீங்க" என்றார். பிறகு நெடுநேரம் பேசினார். அவர் கூறியவற்றுள் இரண்டு செய்திகள் என் மனத்தில் ஆழப் பதிந்தன.

முதலாவது: "எங்க ஊர்ல விருந்தாளி வந்தா முதல்ல தண்ணிதான் கொடுப்பாங்க. வீட்ல ஒரு குடம்தான் இருந்தாலும் கொடுப்பாங்க. அதனால விருந்தாளிதான் கணக்குப் பார்த்து வரணும்."

இரண்டாவது நான் எதிர்பாராதது. 2015 டிசம்பரில் நம் ஊர் பட்ட பாட்டை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்க பக்கமும் முங்கிச்சு, ஃபாதர்" என்றார். பாலைவனம் மூழ்குமா என்று வியந்தேன். மூழ்கியதுண்டு. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் மூன்று நாட்களில் 57 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓராண்டு முழுதும் அங்கே பெய்யும் மழைக்கு அது இருமடங்கு. கவாஸ் என்னும் ஊர் நீரில் ஆழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலத்தின் அடியில் ஜிப்சப் படிவம் இருந்தமையால் நீர் உள்ளே இறங்காமல் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அப்போது இவர் சிறுவர். கட்டிலின்மேல் கட்டிலை அடுக்கி ஆடுகளை ஏற்றி வைத்ததைச் சொன்னார். செம்பரம்பாக்கம் ஏரி திறந்த இரவில் நம் வீடுகளிலும் கட்டிலின்மேல் கட்டில் அடுக்கியவர் உண்டல்லவா? இரண்டு வேறு நாட்டார் போல் இருந்த நாங்கள் அந்த நொடியில் ஒரே ஊரார் ஆனோம்.

எந்த இடத்துக்குப் போகிறோம்?

நாட்காட்டிப் படத்தில் இருந்த மணல்மேடுகள் தார்ப் பாலையின் ஒரு துண்டு மட்டுமே. அதைச் சூழ்ந்த பெருநிலமே பாலைவனத் தேசியப் பூங்கா. 1980-இல் அரசு அதைக் காப்பிடமாக அறிவித்தது. ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. சென்னை மாநகராட்சிப் பரப்பைப்போல் ஏழு மடங்குக்கு மேல். பூங்கா என்றவுடன் நம் கண்முன் வருவது வேலியும் மலர்ப்பாத்தியும். இங்கே அவை இல்லை. பூங்காவின் எல்லைக்குள்ளேயே பல ஊர்களும், தாணி எனப்படும் சிறு குடியிருப்புகளும் உள்ளன. ஆடுமாடு மேய்ப்போர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றனர்.

எல்லாம் மணல் என்று எண்ணுவதும் தவறு. பெரும்பகுதி கெட்டித் தரையும் பாறையும் புல்வெளியுமே. சேவண் என்னும் புல் அங்கே குத்துக் குத்தாய் வளர்கிறது. "எல்லாரும் மணலத்தான் பார்க்கிறாங்க. மணல் காத்துல வரும், காத்துல போகும். புல்லப் பாருங்க. ஆடு, மாடு, மான், பறவை எல்லாம் அதுலதான் பொழைக்குது" என்றார் நம் நண்பர். சிங்காரா மான், பாலை நரி, பாலைப் பூனை, முள்வால் ஓணான், பிணந்தின்னிக் கழுகு ஆகியவை அங்கே காணத்தக்கவை.

மழைக் கணக்கையும் மனத்தில் கொள்ளுங்கள். சென்னையைச் சுற்றிய நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் 20 சென்டிமீட்டர் பெய்தால் அது நல்ல ஆண்டு. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய இருபத்து நான்கு மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அங்கே இரண்டாண்டுகளில் பெய்வதை நாம் ஒரே நாளில் பெற்றோம். 1958-இல் பணி தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் பஞ்சாப் ஆற்றுநீரைத் தார்ப் பாலைக்குள் கொண்டுவந்து பல ஊர்களின் வாழ்வை மாற்றியுள்ளது. ஆயினும் கால்வாய் எட்டாத குடியிருப்புகளில், மழைநீரைத் தேக்கும் தாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டியும் தண்ணீர் வண்டியுமே துணை.

எப்போது, எப்படி?

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள நான்கு திங்களே தக்க காலம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் செல்லும் இருப்புப்பாதையில் பலோதி என்றோர் ஊர் உண்டு. அங்கே 2016 மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் அங்கே குழந்தைகளை அழைத்துச் செல்வது அன்பன்று.

எனினும் குளிர்காலத்திலும் நமக்குச் சிக்கல்கள் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவை விட்டுவிட்டு எவரும் வர மாட்டார். நானும் வர இயலாது. ஆண்டிறுதி வாரத்தில் ஜெய்சல்மேரில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஆகவே பொங்கலை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தோம். தொழிற்சாலை விடுமுறையுடன், உழைத்துச் சேர்த்த விடுப்பில் ஐந்து நாள் சேர்த்தால் ஒன்பது நாட்கள் கிடைக்கும். இறுதித் தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தாமாகவே விலகிக்கொண்டனர்.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி விரைவு இரயில் தினந்தோறும் இல்லை. வாரத்தின் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே உண்டு. அந்த நாட்களைக் கேட்டறிந்து, அவற்றுக்கேற்ப விடுப்பை அமைக்க வேண்டும். வண்டியில் இரண்டு இரவுகள் கழியும். அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு மேலும் ஐந்தாறு மணி நேரம். போகவும் வரவும் ஐந்து நாட்கள் போனால், எஞ்சுவது நான்கே நாட்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கின்றனர். நான்கு நாளில் பத்து ஊர்களைப் பார்க்கத் துடிக்கின்றனர். எங்கள் முதல் பட்டியலிலும் உதய்பூர், ஜெய்ப்பூர், எல்லைப் போர்க்களம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தோம். ஜோத்பூரில் ஒரு நாள், பூங்காவில் ஒரு நாள், ஜெய்சல்மேர் நகரில் ஒரு நாள், ஓய்வுக்கு ஒரு நாள் என்று நிறுத்தினோம். ஞாயிறு ஜோத்பூரில் வருமாறு அமைத்தால், அந்நகர்க் கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலியிலும் பங்குகொள்ளலாம். நேரத்தை முன்னரே கேட்டுவைப்பது நலம்.

பூங்காவுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். ஜெய்சல்மேரில் உள்ள பூங்கா அலுவலகத்தில் முதல் நாளே பெற்றுக்கொள்ளுங்கள். பெரியோர் அனைவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். ஏனெனில் பாகிஸ்தான் எல்லை தொலைவில் இல்லை. 2025 மே மாதத்தில் எல்லையில் பதற்றம் மூண்டபோது ஜெய்சல்மேர் நகரம் விளக்கணைத்து இருளில் கிடந்தது. புறப்படுமுன் நாளிதழ்ச் செய்திகளையும் கவனியுங்கள்.

எதை எடுத்துச் செல்வது?

முதலாவது, தண்ணீர். ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டியதையும் வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஊர்க் கிணற்றையோ தொட்டியையோ நம்பிப் போகக் கூடாது. அது அவர்களுடைய நீர். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள் மருந்துக் கடையில் கிடைக்கும். தலைக்கு நான்கு வாங்குங்கள். ஒருவருக்கு உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது அயர்வன்று, உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, நீரால் நனைத்து விசிறி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது, கம்பளி. பாலை என்றால் சூடு என்று மட்டும் எண்ணுகிறோம். தைத் திங்கள் இரவில் அங்கே வெப்பம் 7, 8 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே. மார்கழிப் பனிக்கே காதைப் பொத்திக்கொள்ளும் நமக்கு அது கடுங்குளிர். புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஊட்டிக்குப் போனபோது வாங்கி அடுக்கில் கிடப்பவற்றை ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுங்கள்.

மூன்றாவது, கணுக்கால் மூடும் காலணியும் கைவிளக்கும். சுருட்டை விரியன் பாம்பு இரவில் நடமாடும். இருட்டில் வெறுங்காலுடன் எவரும் இறங்கக் கூடாது.

நான்காவது, உள்ளூர் ஓட்டுநர். நான் அன்று செய்ததுபோல் வழி தெரியாதவரை அமர்த்தாதீர்கள். கைப்பேசி பல இடங்களில் வேலை செய்யாது. எப்போது திரும்புவோம் என்பதைத் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

கடைசியாக, கொண்டுபோன ஒவ்வொரு காகிதத்தையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவர ஒரு கோணிப்பை. அங்கே குப்பை மக்காது. ஆடுமாடு தின்று சாகும்.

கானமயில்

அந்நிலத்தின் மிகப் பெரிய செல்வம் ஒரு பறவை. தமிழில் கானமயில் என்கின்றனர். மூதுரைப் பாடலில் நாம் படித்த கான மயில் காட்டில் ஆடும் தோகைமயில், இது வேறு. ஒரு மீட்டர் உயரம். ஆண்பறவை 15 கிலோ வரை எடையிருக்கும். பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவற்றில் ஒன்று. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டையை வெறுந்தரையில் இடும். ஒருகாலத்தில் தமிழ்நாடு வரை வாழ்ந்த இனம் இது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதையே நாட்டின் தேசியப் பறவையாக்க வேண்டுமென விரும்பினார். இன்று காட்டில் எஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு; அவற்றுள் பெரும்பாலானவை ஜெய்சல்மேர்ப் பகுதியில்தான்.

வேட்டையும் மேய்ச்சல்நில அழிவும் இதைக் குறைத்தன. இன்று மின்கம்பி குறைக்கிறது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் நேரே முன்னிருப்பது இதற்குச் சரியாகத் தெரியாது. உடல் கனமாதலால், கம்பி தெரிந்தபின் சட்டென்று திரும்பவும் இயலாது. மோதி மடிகிறது. அக்கம்பிகள் வருவது எதனால்? காற்றிலிருந்தும் கதிரவனிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் அப்பாலையில் பெருகியிருப்பதால். புகையில்லாத மின்சாரம் உலகுக்கு வேண்டும்; அதையும் மறுக்க முடியாது. இரண்டும் நன்மை, இரண்டும் ஒரே வானில் மோதிக்கொள்கின்றன. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இப்பறவை வாழும் பகுதிகளில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது. எங்கும் அது இயலாதென்று முறையிடப்பட்டதால் 2024 மார்ச்சில் அவ்வாணையைத் திருத்தி, வழிகாண வல்லுநர் குழுவை அமைத்தது. 2019 முதல் சம் என்னுமிடத்தில் முட்டைகளைப் பேணிப் பொரிக்கும் நிலையமும் இயங்குகிறது; செயற்கைமுறைக் கருவூட்டலில் 2024 அக்டோபரில் ஒரு குஞ்சு பிறந்தது. அந்நிலையம் காட்சிசாலையன்று, அதற்குள் போக எதிர்பாராதீர்கள்.

இதைக் கூட்டத்தில் விளக்கியபோது ஓர் இளைஞர் தலைகுனிந்து இருந்தார். நம் தொழிற்பகுதியில் சூரியத் தகடு செய்யும் ஆலையில் அவருக்கு வேலை. "அப்போ நாங்க செய்யறது தப்பா, சாமி?" என்று கேட்டார். தப்பன்று என்றேன். விளக்கு எரிய வேண்டும். கம்பி போகும் வழியை மட்டும் மனிதன் யோசித்துப் போட வேண்டும். அவர் பயணத்துக்கு முதலில் ஒட்டகச் சவாரிக்காகப் பெயர் கொடுத்தவர். இப்போது அப்பறவையைத் தொலைவிலிருந்தாவது ஒருமுறை காண வேண்டும் என்கிறார்.

காணாமலும் போகலாம். அதற்கும் மனத்தை ஆயத்தம் செய்ய வேண்டும். விடியற்காலையில் போங்கள். வண்டித் தடத்தை விட்டு விலகாதீர்கள். புல்லுக்குள் முட்டை இருக்கலாம். பாட்டுப்பெட்டி வேண்டாம். பறவையைத் துரத்திப் படம் எடுக்க ஓட்டுநரைத் தூண்டாதீர்கள். மணல்மேட்டின்மீது வண்டியைச் சீறிப் பாயவிடும் கேளிக்கையை எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். இளைஞருக்கு அதில் சற்று வருத்தமே.

நமக்குத் தெரிந்த மரம்

அங்கே கேஜ்ரி என்று போற்றப்படும் மரம் வேறெதுவுமன்று, நம் வன்னி மரமே. மழையற்ற காலத்திலும் தழை தந்து ஆடுகளைக் காப்பது, காயும் உணவாவது. ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்னும் ஊரில், 1730-இல், அரண்மனைக்காக இம்மரங்களை வெட்ட வந்த ஆட்களைத் தடுத்து, பிஷ்னோய் சமயத்தார் மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி தொடங்கி 363 பேர் வெட்டுண்டனர். எங்கள் ஜோத்பூர் நாளை அவ்வூருக்கே ஒதுக்கியுள்ளோம்.

பலோதிக்கு அருகே கீசன் என்னும் சிற்றூரில், குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் குர்ஜாக் கொக்குகளுக்கு ஊர்மக்கள் தானியம் இடுகின்றனர். நம் வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைக் காக்க 1798-இலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் உறுதிச்சீட்டுப் பெற்றதை நினைத்தால், அவர்கள் நமக்கு அயலாரல்லர் என்பது விளங்கும்.

போக இயலாதவர்க்கு

இத்தனையும் பேசியபின் நாற்பது பெயர்கள் பதினேழாகக் குறைந்தன. கைக்குழந்தைக்காரர் இருவரும் மறு ஆண்டுக்குத் தள்ளிப்போட்டனர். ஆனால் விலகியவர் பலர் அச்சத்தால் விலகவில்லை, பணத்தால் விலகினர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்பது நாள் விடுப்பு என்றால் ஒன்பது நாள் கூலி இல்லை. பங்கின் பெயரால் நடக்கும் பயணம், இருப்பவர் இல்லாதவர் என்று மக்களைப் பிரித்துவிடுமோ என்பது என் மனத்தை அரித்தது.

ஆகவே மற்றொரு பயணத்தையும் வகுத்தோம். நம் தமிழ்நாட்டிலேயே சிவந்த மணல்நிலம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் பரந்துள்ள தேரிக்காடே அது. இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல் காற்றில் மேடாய்க் குவிந்து, இடம்பெயர்ந்து, பின் பனையும் முந்திரியும் உடைமரமும் வேரூன்றி நிலைத்தது. மேலே சுடும் மணலின் ஓரங்களில் அடியே இறங்கிய மழைநீர் சுனையாய்ச் சுரக்கும். குதிரைமொழித் தேரியை ஒரு விடியற்காலையில் நடந்து பார்த்துவிட்டு, மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையையும் கண்டு வரலாம். வெள்ளி இரவு புறப்பட்டால் திங்கள் காலை வேலைக்குத் திரும்பலாம். இதற்கு முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்துள்ளனர். முதல் பயணத்தில் மிச்சமாகும் தொகை இரண்டாவதற்கு உதவும் என்று பதினேழு பேரும் ஒப்பினர். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டியதை இரு பயணத்தாருக்குமே சொல்லப் போகிறேன். அது வேறோர் உலகமன்று. மழை பொய்த்தால் நம் நிலமும் ஆகக்கூடியதே.

நெசவாளர்ப் பெரியவர்

அவருடைய மகன் ஒரே பிடியாக மறுத்தார். என் பழைய கதையைக் கேட்டபின் இன்னும் உறுதியாக மறுத்தார். பெரியவர் என்னிடம் வந்தார். "சாமி, ஐம்பது வருஷமா குழியில கால வச்சு உட்கார்ந்துட்டேன். ஒண்ணுமே இல்லாத இடம் எப்படி இருக்கும்னு ஒருதடவை பார்க்கணும்" என்றார். அவரை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அழைத்துப் போகவும் அச்சம். இறுதியில் மருத்துவரிடம் காட்டினோம். இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாது உண்டால் போகலாம் என்றார். பூங்காவில் காலை மட்டும் எங்களுடன் இருந்து, வெயில் ஏறுமுன் மகனுடன் நகருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது உடன்பாடு. ஆம், மகனும் வருகிறார். அப்பாவுக்காக விடுப்பு எடுத்தது இதுவே முதல் முறை என்றார். 1156-இல் எழுந்த ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அங்கே இருவரும் மாலைவரை அமர்ந்திருக்கலாம்.

பாலையைப் பற்றி நம் மரபில் ஒரு நினைவு உண்டு. நாம் வனத்து அந்தோணியார் என்று அழைக்கும் எகிப்து நாட்டுத் துறவி, எவருமற்ற பாலையைத் தேடிப் போனார். அவர் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் ஒரு சிறு செய்தியைக் குறிப்பிடுகிறார். தமக்கு அப்பம் கொண்டுவந்து பிறர் வருந்தக் கூடாதென்று அவர் நிலத்தைக் கொத்தித் தானியம் விதைத்தார். பின் தம்மைக் காண நெடுவழி நடந்து வருவோர் களைப்பாறக் காய்கறியும் பயிரிட்டார். பாலையில் வாழ்ந்தவர் பிறருக்குச் சுமையாகாதிருக்கவும், வந்தவரை உபசரிக்கவும் திட்டமிட்டார். போகிற நாம் அதில் பாதியையாவது செய்ய வேண்டாமா?

சென்ற வாரம் பார்மேர் நண்பர் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஜெய்சல்மேர் நிலையத்துக்கு அவருடைய தம்பி வருவாராம். ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப இயலுமா என்று கேட்டார். உள்ளே நம் ஊர்ப் பட்டுக் கடையில் வாங்கிய முக்காட்டுத் துணி ஒன்று, அவர் தாய்க்கு. நம் நெசவாளர்ப் பெரியவர் அதைப் பிரித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல நெசவுதான்" என்று மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் ஒன்றை எடுத்துச் செல்கிறேன். முன்பு எங்களைக் காத்த அந்தத் தாயின் பெயரை நான் கேட்கவில்லை; ஊரும் தெரியாது. அவர் இன்று உயிரோடு இருப்பதும் ஐயமே. ஆயினும் அவ்வழியில் முதலில் தென்படும் குடிசையில் இரண்டு குடம் நல்ல தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு, அனுமதி கேட்டே மேலே நடப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.